இதர கட்டுமானம்

ஹொசகோட்டைக்குத் தெற்கே
சாலை ஆற்றைத் தாண்டும் இடத்தில்
பாலம் என்று சொல்ல ஒன்றுமில்லை.
நான்கு சிமெண்ட் குழாய், மேலே தார்.
வண்டியை ஓரங்கட்டுவதற்குள்
ஓர் ஆட்டுக்குட்டி அளவு நுரை பறந்துவந்து
முன்கண்ணாடியில் உட்கார்ந்தது.
கடலூர்க்காரனிடம் இதைக் காட்டி
பெண்ணையாறு என்றால் அடிக்க வருவான்.
கைப்பேசி வரைபடத்தில் நீல நூல்.
இரண்டு விரலால் சுருக்கினால்
முதலில் காணாமற்போவது இது,
பிறகுதான் சந்துகள்.

நான் வங்கிக்காக நிலம் மதிப்பிடுபவன்.
விண்ணப்பதாரர் பிள்ளம்மா,
கணவர் காலஞ்சென்ற தொட்டெல்லப்பா.
ஒரு ஏக்கர் பதினோரு குண்டே.
கொத்தமல்லி, தண்டுக்கீரை,
ஓரமாய் நாலு வரிசை சம்பங்கி.
கடன் கேட்பது ஆழ்துளைக் கிணற்றுக்கு,
ஆயிரத்து இருநூறு அடி.
கடன் திரும்பாவிட்டால்
நிலம் எவ்வளவுக்குப் போகும் என்பது மட்டுமே என் வேலை.

நீர் ஆதாரம் என்ற கட்டத்தில்
ஆறு என்று எழுதி அடித்தேன்.
கழிவுநீர் என்று எழுதி அதையும் அடித்தேன்.
அவள் மோட்டாரை ஒரு தட்டுத் தட்டிக் கிளப்பினாள்.
கறுப்பாய் வந்தது
வாய்க்காலில் இறங்கியதும்
தண்ணீர் போலவே நடந்துகொண்டது.

டேப்பின் மறுமுனையை
மோட்டார் நிற்கும் கல்லில் மாட்டினாள்.
கல்லின் விளிம்பில் எழுத்து.
கிரீஸைத் துடைத்ததில் கைக்குட்டை போயிற்று.
புள்ளியே வைக்காத மெய்கள்,
தூண்டில் முள் மாதிரி ஒரு சுழி,
சந்தேகமில்லாத ஒரு ம.

"மேஷ்டரைக் கூட்டிவந்து காட்டினோம்.
கன்னடம் இல்லை என்றார்.
புதையல் என்று ரெண்டு பேர் ராத்திரியில் தோண்டினான்கள்.
மண்புழு இருந்தது."

தமிழ் என்றேன்.
சொன்னதுமே கூச்சமாகிவிட்டது,
ஏதோ பத்திரத்தை நீட்டிப்
பங்கு கேட்டவனைப்போல.
அவள் "ஆகட்டும், படி" என்றாள்.

பாதி தெரிந்தது, பாதி ஊகம்.
ஏரி. தூம்பு.
தூம்பின் கீழ் நன்செய் இத்தனை கண்டகம்.
கொடுத்தவன் ஒரு காமுண்டன்,
அவன் பெயர் மேல் போல்ட்டு இறங்கியிருக்கிறது.
கீழ்பாற்கெல்லை புற்று.
தென்பாற்கெல்லை இலுப்பை.
மேல்பாற்கெல்லை வழி.

என் படிவத்தில் கிழக்கே மின்கோபுரம்.
தெற்கே, ஏரி இல்லாத ஏரிக்காட்சி வில்லாக்கள்.
மேற்கே வண்டிப்பாதை.
அது மட்டும் ஒத்துப்போனதில்
எனக்கேன் அத்தனை சந்தோஷம்
என்று தெரியவில்லை.

வடக்கு எல்லை கல்லோடு உடைந்துபோயிருந்தது.
"வடக்கே என்ன போட்டிருக்கு?"
இல்லை, உடைந்துவிட்டது.
"ஆறுதானே. அதை எழுதணுமா?
மூக்கு இல்லையா?"

ஓரத்தில் இன்னொரு வரி, நல்ல தெளிவு.
இதற்கு அழிவு செய்தவன்
இன்ன பாவத்தில் போவான் என்று.
அதை நான் படித்துக் காட்டவில்லை.
இதர கட்டுமானம் என்ற இடத்தில்
மோட்டார் மேடை, கல், ஒன்று,
மதிப்பு இல்லை
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

கிளம்பும்போது ஒரு கட்டு கொத்தமல்லி.
வாழைநாரால் கட்டியது.
பத்து ரூபாயை மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

வீடு பெல்லந்தூரில், ஒன்பதாம் மாடி.
மனைவி மோந்து பார்த்து
எந்த ஊர்த் தழை, இவ்வளவு மணம் என்றாள்.
பதில் சொல்லாமல் மூன்று தரம் கழுவினேன்.
நாலாவது தரம்
தொட்டியில் சுழன்று இறங்கும் நீரைப் பார்த்தபடி நின்றேன்.
இங்கிருந்து ஏரி,
ஏரியிலிருந்து வர்த்தூர்,
அங்கிருந்து அவள் மோட்டாருக்கு
எத்தனை நாளாகும்?

அறிக்கையில் வடக்குக் கட்டம் இன்னும் காலி.
காலையில் மேலாளர் கேட்பார்.
குழாயை மூடினேன்.
கொஞ்சநேரம் சொட்டிக்கொண்டிருந்தது.